தொண்டைமான் என்பவர் ஒருவரல்லர்

புதுக்கோட்டை வரலாறு பேசப்படும் மேடைகளிலும், பள்ளிக் கட்டுரைப் போட்டிகளிலும், சாதிச் சங்க மலர்களிலும், திரைப்படத்தின் வழியே வரலாறு கற்றவர்களின் உரையாடல்களிலும் 'தொண்டைமான்' என்னும் பெயர் இரண்டு விதமாகவே ஒலித்துவருகிறது. காஞ்சியை ஆண்ட இளந்திரையனில் தொடங்கி, கலிங்கத்தை வென்ற கருணாகரன் வழியாகப் புதுக்கோட்டை அரண்மனை வரை அறுபடாமல் வந்த ஒரே குருதிவழியின் பெயர் அது என்பது ஒரு தரப்பு. வீரபாண்டியக் கட்டபொம்மனைப் பிடித்துக் கும்பெனியாரிடம் ஒப்படைத்த துரோகியின் பெயர் அது என்பது மறுதரப்பு. முன்னவர் பெருமிதத்தோடும் பின்னவர் சினத்தோடும் பேசுகின்றனர். தாங்கள் ஒருவரையொருவர் மறுப்பதாகவும் எண்ணிக்கொள்கின்றனர். உண்மையில் இரு தரப்பாரும் ஒரே பிழையின் மேல்தான் நிற்கின்றனர். பெயர் ஒன்றானால் ஆளும் ஒன்று, அல்லது குருதியும் குணமுமாவது ஒன்று என்று இருவருமே எடுத்துக்கொள்கின்றனர். அந்த எண்ணத்துக்குச் சான்று இடம் தரவில்லை என்பதும், அதை நம்பியதால் புதுக்கோட்டைச் சீமையின் மனிதர்கள் பலர் தத்தம் வரலாற்றை இழந்து நிற்கின்றனர் என்பதும் இங்கே நிறுவப்படும்.

முதலில் பெருமிதத் தரப்பை எடுத்துக்கொள்ளலாம். சங்க இலக்கியத்தில் தொண்டைமான் இளந்திரையன் நன்கு அறியப்பட்டவன். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையின் பாட்டுடைத் தலைவன். புறநானூற்றின் 95ஆம் பாட்டுக்கு உரிய பழைய அடிக்குறிப்போ, அதியமானின் தூதாக ஔவையார் ஒரு தொண்டைமானிடம் சென்றதாகச் சொல்கிறது. அந்தக் குறிப்பில் இளந்திரையன் என்ற பெயர் இல்லை. தொண்டைமான் என்ற ஒரு சொல்லே உள்ளது. ஆயினும் இருவரையும் ஒருவராக்கிவிடும் வழக்கம் பரவலாக இருக்கிறது. அதே குறிப்பில் வரும் ஔவையாரை எண்ணிப் பார்த்தால் இதிலுள்ள முரண் புலப்படும். அதியமானைப் பாடிய ஔவையார் வேறு, பிற்காலத்தில் ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் செய்த ஔவையார் வேறு என்பதைத் தமிழ்ப் புலமையுலகம் மொழிநடையையும் காலத்தையும் வைத்து எப்போதோ ஏற்றுக்கொண்டுவிட்டது. ஒரே பெயரில் வந்த புலவர்களைப் பிரித்து அறியத் தெரிந்த உலகம், ஒரே பெயரில் வந்த அரசர்களைப் பிரித்து அறிய மறுப்பதற்கு முறையான காரணம் எதுவும் இல்லை.

இளந்திரையனுக்குப் பல நூற்றாண்டுகள் கழித்து வருபவன் கருணாகரத் தொண்டைமான். முதற் குலோத்துங்கனின் (ஆட்சிக்காலம் 1070–1120) படைத்தலைவனாகக் கலிங்கத்தின் மேல் சென்றவன்; செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணியால் புகழ் பெற்றவன். இவனை இளந்திரையன் வழியினன் என்று சொல்வோர், காஞ்சிபுரத்தில் இவன் தேவி செய்த அறக்கொடையைக் குறிக்கும் கல்வெட்டைப் படித்துப் பார்ப்பது நலம். அதில் இவன் சோழநாட்டுத் திருநறையூர் நாட்டின் வண்டாழஞ்சேரி என்னும் ஊரை உடையவன் என்றும், வேளான் கருணாகரன் 'ஆன' தொண்டைமான் என்றும் குறிக்கப்படுகிறான். சோழர் கல்வெட்டுகளில் 'ஆன' என்னும் சொல்லுக்கு முன்னே நிற்பது பெற்றோர் இட்ட பெயர். பின்னே நிற்பது அரசு தந்த பட்டம். ஆகவே தொண்டைமான் என்பது கருணாகரனுக்குப் பதவியோடு வந்த சிறப்புப்பெயர். அவன் பிறந்ததும் தொண்டை மண்டலத்தில் அன்று, காவிரி பாயும் நாட்டில்.

சோழ அரசு தன் அதிகாரிகளுக்குப் பட்டம் வழங்கிய முறையை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பு ஏதும் இராது. மூவேந்தவேளான், பல்லவரையன், தொண்டைமான், பிரமராயன், வாணாதிராயன், கலிங்கராயன் என்னும் பட்டங்கள் நூற்றுக்கணக்கான ஆட்களுக்கு வழங்கப்பட்டன. நொபோரு கராஷிமா, எ. சுப்பராயலு, மட்சுயி ஆகிய மூவரும் சோழர் கல்வெட்டுகளில் காணும் ஆட்பெயர்களையெல்லாம் திரட்டி 1978இல் மூன்று தொகுதிகளாக வெளியிட்டனர். அவற்றைப் புரட்டினால் ஒரே பட்டத்தை வெவ்வேறு ஊர்க்காரர்கள் வெவ்வேறு தலைமுறைகளில் தாங்கியிருப்பதைப் பக்கந்தோறும் காணலாம். மூவேந்தவேளான் என்று பட்டம் பெற்றவன் சேர சோழ பாண்டியர் மூவருக்கும் பிறந்தவன் என்று எவரும் வாதிடுவதில்லை. கலிங்கராயன் என்னும் பட்டம் கலிங்க நாட்டுப் பிறப்பைக் காட்டுவதும் இல்லை. தொண்டைமானுக்கு மட்டும் தனி அளவுகோல் வைப்பது ஆய்வுமுறைக்குப் பொருந்தாது.

இந்தப் பிழை புதுக்கோட்டை மண்ணில் தொண்டைமான் பெயரோடு நின்றுவிடவும் இல்லை. தொண்டைமான்களுக்கு முன் இப்பகுதியில் ஆட்சி செலுத்திய வைத்தூர், பெருங்களூர்ப் பல்லவராயர்களை அவர்கள் பெயரை மட்டும் வைத்துக் காஞ்சிப் பல்லவரின் வாரிசுகள் என்று எழுதுவோர் இன்றும் உள்ளனர். நார்த்தாமலையில் குன்றின் சரிவில் நிற்கும் விசயாலய சோழீச்சுரத்தைப் பார்க்க வருவோர், பெயரைக் கேட்ட அளவிலேயே அது தஞ்சையைக் கைப்பற்றிய விசயாலய சோழன் எடுப்பித்த கோயில் என்று முடிவு செய்துவிடுகின்றனர். அங்குள்ள கல்வெட்டோ வேறு செய்தி சொல்கிறது. கோயிலை முதலில் எடுப்பித்தவன் சாத்தன்பூதி என்னும் இளங்கோவதியரையன் என்றும், அது மழையில் இடிந்தபின் மல்லன் விடுமன் என்னும் தென்னவன் தமிழதியரையன் புதுப்பித்தான் என்றும் அது தெளிவாகக் கூறுகிறது. முத்தரையர் மரபுச் சிற்றரசன் ஒருவனின் ஆக்கம், கோயிலுக்கு வழங்கும் பெயரின் காரணமாக மட்டுமே ஒரு பேரரசனின் கணக்கில் எழுதப்பட்டுவிட்டது. கல்லில் தன் பெயர் இருந்தும் புகழை இழந்தவன் அவன்.

கருணாகரனுக்கும் புதுக்கோட்டை அரசர்களுக்கும் நடுவே அறந்தாங்கித் தொண்டைமான்கள் வருகின்றனர். 15, 16ஆம் நூற்றாண்டுகளில் அறந்தாங்கியைத் தலைமையிடமாகக் கொண்டு ஆட்சி செலுத்திய இவர்களின் கல்வெட்டுகள் அவ்வட்டாரக் கோயில்களில் உள்ளன. இன்று அறந்தாங்கியும் புதுக்கோட்டையும் ஒரே மாவட்டத்தில் அடங்குவதால், இரண்டு மரபும் ஒன்றே என்று கருதிவிடுவது எளிதாகிவிட்டது. ஆனால் 1974இல் அமைந்த மாவட்ட எல்லையை 16ஆம் நூற்றாண்டின் குடும்ப எல்லையாக்குவது முறையாகாது. புதுக்கோட்டை அரச குடும்பம் தன்னைப் பற்றிக் காத்துவைத்திருந்த மரபுச் செய்தியே அறந்தாங்கியைச் சுட்டவில்லை. திருப்பதிப் பக்கத்திலிருந்து தெற்கே வந்து கறம்பக்குடிக்கு அருகிலுள்ள அம்புக்கோவிலில் குடியேறிய கள்ளர் குலத் தலைவர்கள் தங்கள் முன்னோர் என்பதே அந்தச் செய்தி. அரண்மனைக்காகத் தெலுங்கில் இயற்றப்பட்ட தொண்டைமான் வம்சாவளி போன்ற நூல்கள் குடும்பத்தின் தொடக்கத்தை எவ்வளவு உயரத்துக்குக் கொண்டுசென்றாலும், ஆவணங்களில் காலூன்றி நிற்பது 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஆவடை ரகுநாதத் தொண்டைமானிலிருந்துதான். இளந்திரையனுக்கும் அவருக்கும் நடுவே ஏறத்தாழ ஆயிரத்து நானூறு ஆண்டு இடைவெளி கிடக்கிறது. அந்த இடைவெளியைப் பெயர் ஒன்றே நிரப்பிவிடும் என்பது நம்பிக்கையாக இருக்கலாம்; வரலாறாக ஆகாது.

இவ்வாறு சொல்வது புதுக்கோட்டை அரச குடும்பத்தைத் தாழ்த்துவதாகாது. அம்புக்கோவில் காட்டோரக் குடியிருப்பிலிருந்து எழுந்து, மதுரை, தஞ்சை, இராமநாதபுரம் என்னும் மூன்று வல்லரசுகளுக்கு நடுவே தனக்கென ஒரு சீமையை அமைத்துக்கொண்டு, 1686 முதல் 1948 வரை அதைக் கைவிடாமல் காத்த குடும்பம் அது. பாளையங்களெல்லாம் சமீன்களாகக் கரைந்தபோதும் தமிழ்நாட்டில் தனி அரசாக எஞ்சிய பெரிய சீமை அது ஒன்றே. இந்தச் சாதனைக்குச் சங்க காலத்து முன்னோர் தேவையில்லை. அவர்களை வலிந்து கொண்டுவருவதால் மறைக்கப்படுவது இந்தச் சாதனைதான்.

இனி அந்த அரசர்களின் பெயர்களையே நெருங்கிப் பார்க்க வேண்டும். இராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதி ரகுநாத கிழவனின் தேவி காதலி நாச்சியார் தொண்டைமான் குடும்பத்துப் பெண். அந்த உறவின் வலுவில் 1686 அளவில் ஆட்சியைத் தொடங்கியவர் ரகுநாதராயத் தொண்டைமான். 1730இல் அவருக்குப் பின் வந்தவர் அவருடைய பேரன் விஜயரகுநாதராயத் தொண்டைமான். 1769இல் இராயரகுநாதத் தொண்டைமான். 1789இல் அவருடைய பங்காளி முறையினரான விஜயரகுநாதத் தொண்டைமான். 1807இல் மீண்டும் ஒரு விஜயரகுநாதராயத் தொண்டைமான். 1825இல் அவர் தம்பி ரகுநாதத் தொண்டைமான். 1839இல் இராமச்சந்திரத் தொண்டைமான் பட்டமேறும் வரை, தொடர்ந்து ஆறு அரசர்கள், ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக, ரகுநாதன் என்னும் ஒரே பெயரின் சுற்றுக்குள் ஆண்டிருக்கின்றனர். இவர்களுள் 1730இல் பட்டமேறியவரின் பெயரும் 1807இல் பட்டமேறியவரின் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்று. பேரனுக்குப் பாட்டனின் பெயரை வைக்கும் குடும்ப வழக்கம் இதற்கு ஒரு காரணம். தென்னாட்டுச் சீமைகளில் தலைமை அரசரின் பெயரை அவரைச் சார்ந்து நிற்கும் தலைவரும் ஏற்கும் வழக்கம் மற்றொரு காரணம். தஞ்சையில் ரகுநாத நாயக்கர், இராமநாதபுரத்தில் திருமலை ரகுநாத சேதுபதி, ரகுநாத கிழவன் சேதுபதி, அவருக்குப் பின் விஜயரகுநாத சேதுபதி, அந்தச் சேதுபதியின் மருமகனாகிச் சிவகங்கைச் சீமையைத் தோற்றுவித்த முத்து விஜயரகுநாத சசிவர்ண பெரிய உடையத் தேவர் என்று, 17, 18ஆம் நூற்றாண்டுகளில் காவிரிக்கும் வைகைக்கும் இடைப்பட்ட நிலமெங்கும் இந்தப் பெயரே நிறைந்திருந்தது. இத்தகைய சூழலில் பெயரை மட்டும் கொண்டு ஆளைத் தீர்மானிப்பவர் தவறாமல் வழி தவறுவார்.

திருமயம் கோட்டை இதற்கு நல்ல சான்று. 1687இல் விஜயரகுநாத சேதுபதி அதைக் கட்டினார் என்று சுற்றுலாக் கையேடுகளிலும் பொதுநூல்களிலும் திரும்பத் திரும்ப எழுதப்படுகிறது. ஆனால் 1687இல் சேதுபதியாக இருந்தவர் ரகுநாத கிழவன். விஜயரகுநாத சேதுபதி பட்டமேறியது 1710இல். ஆண்டு சரியென்றால் கோட்டையைக் கட்டியவர் கிழவன் சேதுபதியாக இருக்க வேண்டும். பெயர் பின்னவரைக் குறிக்கிறது என்றால் ஆண்டு நிற்காது. ஆண்டையும் பெயரையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் சிறு முயற்சிகூட இன்றி, இரண்டும் சேர்ந்து ஒரே வாக்கியத்தில் தலைமுறை தலைமுறையாக நகல் எடுக்கப்படுகின்றன.

இதைவிட நுட்பமான சான்று அம்மன் காசு. கட்டைவிரல் நகத்தளவே உள்ள சிறிய செம்புக்காசு அது. ஒரு பக்கம் திருக்கோகர்ணத்துப் பிரகதாம்பாள் அமர்ந்த கோலம், மறுபக்கம் தெலுங்கு எழுத்தில் 'விஜய' என்னும் ஒரே சொல். நவராத்திரியின்போது அரிசியோடு சேர்த்து வழங்கப்பட்டதால் மக்கள் நினைவில் ஆழமாகப் பதிந்த காசு. 1738இல் திருவரங்குளம் காட்டில் சதாசிவப் பிரமேந்திரரைக் கண்டு, அவர் மணலில் எழுதிக்காட்டிய மந்திரத்தைப் பெற்றதாகப் போற்றப்படும் விஜயரகுநாதராயத் தொண்டைமானின் பெயரே இந்த 'விஜய' என்று சொல்லப்படுவதுண்டு. தொடக்கம் அவருடையதாகவே இருக்கட்டும். ஆனால் அம்மன் காசு அவரோடு நின்றுவிடவில்லை. விஜய என்னும் அடைமொழி இல்லாத மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் காலத்தில் எந்திர அச்சில் அடிக்கப்பட்ட காசுகளிலும் அதே தெலுங்கு எழுத்துகள் அப்படியே நின்றன. காசைக் கையில் எடுத்து, எழுத்தைப் படித்து, 'இது விஜயரகுநாதரின் காசு' என்று சொல்பவர் ஒன்றரை நூற்றாண்டுப் பிழை செய்யக்கூடும். அரசர் மாறிய பின்னும் பெயர் மாறாமல் புழங்கியது என்பதற்கு இதைவிடத் தெளிவான பொருட்சான்று புதுக்கோட்டையில் இல்லை. காசின் காலத்தைக் கணிப்பவர்கள் எழுத்தை நம்புவதில்லை. எடையையும் விளிம்பையும் அச்சு முறையையும் பார்க்கின்றனர். மனிதர்களைக் கணிப்பவர்களும் அதையே செய்ய வேண்டும்.

இப்போது துரோகப் பழிக்கு வரலாம். 1799 செப்டம்பரில் மேஜர் பானர்மன் தலைமையில் வந்த கும்பெனிப் படை பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கியபின், வீரபாண்டியக் கட்டபொம்மன் கோட்டையை விட்டு வடக்கே வந்தார். கலெக்டர் லூஷிங்டனின் கடிதம் புதுக்கோட்டைக்குப் போயிற்று. தொண்டைமானின் ஆட்கள் புதுக்கோட்டைச் சீமைக் காட்டில் அவரைப் பிடித்தனர். கும்பெனியாரிடம் ஒப்படைக்கப்பட்ட அவர் அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். இவற்றை மறுப்பதற்கு இடமில்லை, மறுக்கவும் கூடாது. அரசருக்குத் தெரியாமலே நடந்துவிட்டது என்று வழக்கறிஞர் பாணியில் சமாதானம் சொல்வோரின் வாதமும் இங்கே ஏற்கப்படவில்லை. அப்போது பட்டத்தில் இருந்தவர் 1789 முதல் 1807 வரை ஆண்ட விஜயரகுநாதத் தொண்டைமான். 1801இல் மருதுபாண்டியருக்கு எதிராகவும் அவர் கும்பெனிக்குத் துணைநின்றார். 1803இல் கீழாநிலைக் கோட்டையும் அதைச் சார்ந்த நிலமும் கும்பெனியால் அவருக்கு அளிக்கப்பட்டன. ஆண்டுக்கு ஒரு யானை திறையாகத் தர வேண்டும் என்னும் நிபந்தனையோடு 1806இல் அது உறுதி செய்யப்பட்டது. செயல், செய்தவர், கிடைத்த பலன் ஆகிய மூன்றும் ஆண்டோடும் பெயரோடும் தெளிவாக இருக்கின்றன. குற்றம் சாட்ட விரும்புவோர்க்கு இதைவிடத் துல்லியமான வழக்கு கிடைக்காது.

ஆனால் நடைமுறையில் நேர்வது வேறு. 'தொண்டைமான் காட்டிக்கொடுத்தான்' என்று சொல்லப்பட்ட மறுநொடியில் இந்த ஆண்டுகளும் கீழாநிலையும் மறைந்து, பெயர் தாங்கிய அனைவரும் கூண்டில் ஏற்றப்படுகின்றனர். 1751 முதல் 1754 வரை திருச்சிராப்பள்ளி முற்றுகையின்போது முகமது அலிக்கும் ஆங்கிலேயருக்கும் உணவும் படையும் அனுப்பியவர் 1730இல் பட்டமேறிய விஜயரகுநாதராயத் தொண்டைமான். அன்றைய போர் ஆற்காட்டு நவாப் பதவிக்காக முகமது அலியும் சந்தா சாகிபும் நடத்திய போர். ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் ஆளுக்கொரு பக்கம் துணைநின்றனர். கட்டபொம்மன் பிறந்தது 1760இல். ஒரு நவாபின் பக்கம் நின்ற முந்தைய தலைமுறையின் முடிவையும், கும்பெனியே தென்னாட்டின் எசமானாகிவிட்ட 1799இல் எடுக்கப்பட்ட முடிவையும் ஒரே மனிதனின் தொடர்ந்த குணமாகக் காட்டுவது காலத்தைப் பொய்யாக்குவதாகும். அதேபோல், 1807இல் பட்டமேறிய இன்னொரு விஜயரகுநாதர் அப்போது பத்து வயதுச் சிறுவர். தஞ்சையில் ரெசிடெண்டாக இருந்த மேஜர் பிளாக்பர்ன் அவருடைய சீமையின் நிர்வாகத்தை மேற்பார்த்தார். பெயரளவில் 'விஜயரகுநாதத் தொண்டைமான்' என்று மட்டும் எழுதினால், கட்டபொம்மன் தூக்கிலேறியபோது இரண்டு வயதுக் குழந்தையாக இருந்த அவர்மேலும் அந்தப் பழி விழுகிறது.

இதில் குற்றம் சாட்டுவோருக்கே நேரும் இழப்பு பெரிது. பெயரைத் தண்டிப்பவர்கள் குற்றவாளியைத் தப்பவிடுகின்றனர். 1799இன் விஜயரகுநாதர் எந்தக் கடிதத்துக்கு என்ன மறுமொழி அனுப்பினார், கீழாநிலையின்மேல் தஞ்சைக்கும் புதுக்கோட்டைக்கும் இருந்த நெடுநாள் பூசல் அவரை எவ்வளவு உந்தியது, மறுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்னும் கேள்விகளை எழுப்பினால் துரோகம் நிகழும் முறை விளங்கும். அவை எழுப்பப்படுவதில்லை. 'அது அந்த வம்சத்தின் புத்தி' என்று ஒரே வாக்கில் முடித்துவிட்டால், குற்றம் பிறவியிலேயே வந்ததாகிவிடுகிறது. பிறவியிலேயே வந்த ஒன்றுக்கு எவரும் பொறுப்பாளி ஆவதில்லை.

எட்டையபுரத்துக்கு நேர்ந்தது இதைவிடக் கடுமை. எட்டப்பன் என்பது அப்பாளையத்தின் அரசர்கள் வழிவழியாகத் தாங்கிய பட்டப்பெயர். கட்டபொம்மன் காலத்து எட்டப்பர் கும்பெனியின் பக்கம் நின்றது காரணமாக, அந்தப் பட்டம் தமிழில் காட்டிக்கொடுப்பவனைக் குறிக்கும் பொதுச்சொல்லாகவே ஆகிவிட்டது. 1959இல் வெளிவந்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்' திரைப்படம் அதைப் பட்டிதொட்டியெங்கும் கொண்டுசேர்த்தது. முத்துசுவாமி தீட்சிதரின் இறுதிக் காலத்தில் அவரை ஆதரித்ததும், சுப்பராம தீட்சிதரின் சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி 1904இல் அச்சேறத் துணைநின்றதும் அதே பட்டத்தைத் தாங்கிய எட்டையபுரம் அரண்மனையே. கர்நாடக இசையின் பெருஞ்செல்வம் ஒன்றைக் காத்தவர்களின் பட்டம் வசைச்சொல்லாக மட்டும் வழங்குவதைத் தமிழறிந்தோர் பொறுத்துக்கொண்டிருப்பது வருந்தத்தக்கது. கட்டபொம்மன் என்னும் பெயரும் இதற்கு விலக்கன்று. அதுவும் குடும்பப்பெயரே, 1755இல் கர்னல் ஹெரான் தெற்கே படையெடுத்து வந்தபோது ஆங்கில ஆவணங்களில் குறிக்கப்படும் கட்டபொம்மன், கயத்தாற்றில் உயிர்நீத்தவருக்கு முந்தைய தலைமுறையைச் சேர்ந்தவர். வீரத்தின் பெயரானாலும் ஆண்டைச் சொல்லாமல் விட்டால் ஒருவரின் செயல் மற்றொருவர்மேல் ஏறிவிடும்.

பிரான்சு நாட்டில் லூயி என்னும் பெயரில் பல அரசர்கள் ஆண்டனர். அங்கே பதினான்காம் லூயியின் போர்களுக்காகப் பதினாறாம் லூயியை எந்த வரலாற்றாசிரியரும் பொறுப்பாக்குவதில்லை, ஏனெனில் பெயரோடு எண்ணைச் சேர்த்துச் சொல்லும் ஒழுங்கு அங்கே மக்கள் வழக்கிலேயே வேரூன்றியிருக்கிறது. அங்கும் ஒருமுறை இந்த ஒழுங்கு மீறப்பட்டது. 1792இல் முடியிழந்த பதினாறாம் லூயியைப் புரட்சியாளர்கள், எட்டு நூற்றாண்டுக்கு முற்பட்ட அவருடைய மூதாதை ஹியூ காப்பேயின் பெயரால் 'லூயி காப்பே' என்று அழைத்தே விசாரித்தனர். குற்றச்சாட்டு ஒரு மனிதனின் செயல்களைக் கடந்து மரபு முழுவதையும் தொட வேண்டும் என்று விரும்பியபோது அவர்களுக்குத் தேவைப்பட்டது ஒரு பொதுப்பெயர். தொண்டைமான் என்னும் சொல்லை அடைமொழியும் ஆண்டும் இன்றிப் பயன்படுத்துவோர், அறிந்தோ அறியாமலோ, அதே வேலையைச் செய்கின்றனர்.

இதற்கு எதிராக எழக்கூடிய வலுவான தடை ஒன்று உண்டு. அரசு என்பது தனிமனிதரைக் கடந்த தொடர்ச்சி. 1799இல் கிடைத்த பலனைப் பின்வந்தவர் அனைவரும் துய்த்தனர். ஆகவே பழியையும் அவர்கள் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பது அது. இதை எளிதில் தள்ளிவிட முடியாது. கீழாநிலை வருவாய் பின்வந்த அரசர்களின் கருவூலத்திலும் சேர்ந்தது உண்மையே. ஆயினும் இந்த வாதம் நிறுவுவது சமஸ்தானம் என்னும் அமைப்பின் பொறுப்பை, பெயரின் பொறுப்பையன்று. அமைப்பின் பொறுப்பைப் பேச விரும்புவோர் ஒப்பந்தங்களையும் வருவாய்க் கணக்குகளையும் குடிகள் பட்ட பாட்டையும் எடுத்துக்கொண்டு பேச வேண்டும். அப்படிப் பேசினால் சேஷையா சாஸ்திரி 1878 முதல் திவானாக இருந்து நகரின் தெருக்களையும் குளங்களையும் செப்பனிட்டதும், மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் காலத்தில் ஆண்பிள்ளைகள் மட்டுமே படித்த மகாராஜா கல்லூரியில் முத்துலட்சுமி சேர்க்கப்பட்டதும், அந்தச் சேர்க்கையிலிருந்து தமிழ்நாட்டின் பெரும் சமூகச் சீர்திருத்த மருத்துவர் ஒருவர் உருவானதும், 1948 மார்ச் 3ஆம் நாள் இராசகோபாலத் தொண்டைமான் சீமையை இந்திய ஒன்றியத்தோடு இணைத்ததும் அதே கணக்கில் வரவு வைக்கப்பட வேண்டும். செலவுக்கு மட்டும் வம்சத்தையும் வரவுக்குத் தனிமனிதரையும் காட்டும் கணக்கு நேர்மையான கணக்காகாது. பெருமிதத் தரப்பார் இதையே தலைகீழாகச் செய்கின்றனர்: வரவெல்லாம் வம்சத்துக்கு, 1799 மட்டும் காலத்தின் கட்டாயத்துக்கு.

பெயரொற்றுமை எவ்வளவு தொலைவு இழுத்துச் செல்லும் என்பதற்கு அண்மைக்காலத்திலும் சான்றுகள் உண்டு. இலங்கை மலையகத் தமிழரின் தலைவராக விளங்கிய சௌமியமூர்த்தி தொண்டமான் 1913இல் அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்து மூனாபுதூரில் பிறந்தவர். பெயரைக் கேட்டவுடன் புதுக்கோட்டை அரண்மனையை நினைப்போர் பலர். அவருடைய வாழ்க்கையின் சிறப்போ, 1948இன் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட தோட்டத் தொழிலாளருக்குக் குடியுரிமை மீட்கப் பல பதிற்றாண்டுகள் தொழிற்சங்கத்தைக் கட்டி நடத்தியதில் இருக்கிறது. அந்தச் சிறப்புக்கு அரண்மனை எதுவும் சேர்க்கவில்லை. திருநெல்வேலியில் பிறந்த சகோதரர்கள் இருவர் இன்னும் தெளிவான சான்று. மூத்தவர், கோயில்களைப் பற்றி 'வேங்கடம் முதல் குமரி வரை' எழுதிய தொ.மு. பாஸ்கரத் தொண்டைமான், இளையவர், நெசவாளர் துயரை 'பஞ்சும் பசியும்' நாவலாக்கிய பொதுவுடைமை எழுத்தாளர் தொ.மு.சி. ரகுநாதன். இளையவரின் முன்னெழுத்துகளை விரித்தால் தொண்டைமான் முத்தையா சிதம்பர ரகுநாதன் என்று வருகிறது. ரகுநாதன், தொண்டைமான் என்னும் இரண்டு பெயர்களும் ஒரே ஆளிடம் வந்து சேர்ந்திருக்கின்றன. பெயரை மட்டும் நோக்கும் முறை சரியென்றால் அவர் புதுக்கோட்டை அரியணைக்கு உரியவர் என்றோ, 1799க்கு விடைசொல்ல வேண்டியவர் என்றோ ஆகிவிடும். அவர் நின்றது உழைப்பவர் பக்கம்.

ஆகவே புதுக்கோட்டை வரலாற்றைக் கற்பிக்கும் ஆசிரியர்களும், கோட்டை வாயில்களிலும் அருங்காட்சியகத்திலும் அறிவிப்புப் பலகை எழுதும் துறையினரும், மேடையில் பேசுவோரும், சங்க மலர் தொகுப்போரும் எளிய நெறி ஒன்றைக் கைக்கொள்ள வேண்டும். தொண்டைமான் என்று மட்டும் எழுதுவதை விட்டு, முழுப்பெயரையும் ஆட்சியாண்டுகளையும் சேர்த்தே எழுத வேண்டும். கட்டபொம்மனை ஒப்படைத்தவர் விஜயரகுநாதத் தொண்டைமான் (1789–1807) என்றும், திருச்சி முற்றுகையில் பங்கேற்றவர் விஜயரகுநாதராயத் தொண்டைமான் (1730–1769) என்றும், கருணாகரத் தொண்டைமான் வண்டாழஞ்சேரிச் சோழ அதிகாரி என்றும் தனித்தனியே குறிக்க வேண்டும். ஆண்டு தெரியாத இடத்தில் பெயரைச் சொல்லிப் புகழவும் கூடாது, பழிக்கவும் கூடாது.